வெறும் வயிற்றில் ஏறிய ஊசி

வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்ற காலையில்தான், இது வெறும் சுளுக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டேன். இடது கை உள்ளே போய்விட்டது. சட்டையின் மறுபாதி முதுகில் தொங்கியது. வலது கையைப் பின்னால் கொண்டுபோனால் தோளுக்குள் கம்பி போட்டு யாரோ இழுப்பதுபோல் வலித்தது. ஃபிஜியில் எங்கள் லம்பாசா ஊர்ச் சர்க்கரை மில்லின் சங்கு ஊதி முடிந்துவிட்டது. அந்த மில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான் ஒருநாளும் தாமதமாகப் போனவன் அல்ல.

"இன்னாங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்று என் மனைவி லட்சுமி கதவைத் தள்ளினாள். பாதிச் சட்டையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"எம்மா நாளா இப்படி?"

"கொஞ்ச நாளா."

"அதான் தலை வாராம மில்லுக்குப் போய்கினு இருந்தீங்களா? வயசாயிட்டா அப்படித்தான்னு இல்ல நான் நெனச்சேன்."

சட்டையை முழுவதும் உருவி எடுத்தாள். "வலிக்கிற கைய மொதல்ல போடணும். அப்புறம்தான் நல்ல கை" என்று சொல்லி மாட்டிவிட்டாள். பட்டன் போட்டாள், காலரைச் சரிசெய்தாள், பின்பக்கம் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்திரண்டு வயதில், அன்று முதல் எல்லாக் காலையிலும் இதே கதை. இப்படித் தோள் இறுகி உறைந்துபோனவர்களுக்கு வலியைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். பிறர் கையால் உடுத்திக்கொள்ளும் வெட்கத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

அது, நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்த ஆட்சிக் கவிழ்ப்புக்கு அடுத்த வருடம். எங்கள் ஊர் புலிலேகாவில் குத்தகை முடிந்த கரும்புத் தோட்டங்கள் புல் மண்டிக் கிடந்தன. நாட்டைவிட்டுக் கிளம்பும் யாராவது ஒருவர் வீட்டில் வாராவாரம் வழியனுப்பு விருந்து நடந்தது. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். வரிசையில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன, உள்ளே மேசைகள் காலியாக இருந்தன. எங்களுக்கு டோக்கன் கொடுத்த பெண், "டாக்டர் ஒருவர்தான் இருக்கிறார், பொறுத்திருங்கள்" என்றாள். முன்பு எலும்பு நோய்களைப் பார்த்தவர் குடும்பத்தோடு சிட்னிக்குப் போய்விட்டாராம்.

இருந்த அந்த ஒரு டாக்டர் இளைஞர். என் முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். கதவு தாழ்ப்பாள் போட்டதுபோல் ஓரிடத்தில் நின்றது. "நீங்கள் தூக்கினாலும் வராது, நான் தூக்கினாலும் வராது. அதுதான் இதன் அடையாளம்" என்றார். தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய பை போல ஒரு சவ்வு இருக்கிறது. அது வீங்கித் தடித்துச் சுருங்கிவிட்டால் உள்ளே எலும்பு நகர இடம் இருக்காது. முதலில் வலி, பிறகு இறுக்கம், பிறகு தானாகவே மெல்ல இளகும். இளக ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இரத்தத்தைப் பார்த்தவர், "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. அது இருப்பவர்களுக்கு இது அதிகம் வரும்" என்றார்.

"சர்க்கரை மில்லுல வேலை, ஒடம்பு பூரா சர்க்கரை" என்றாள் லட்சுமி வெளியே வந்ததும். அவள் சிரிக்கவில்லை. பயந்தால் அவள் இப்படி ஏதாவது சொல்வாள்.

சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் போட வேண்டும், போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும். தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையைத் தேடிப் போனோம். பூட்டியிருந்தது. அங்கே இருந்த அம்மாள் ஆக்லாந்துக்குப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. கதவுக்கு வெளியே ஒரு படத்தாள் ஒட்டியிருந்தது: சுவரில் விரல்களை நண்டு போல ஏற்ற வேண்டும். அதையே வீட்டில் செய்தேன். விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. சுவரில் தொங்கிய காலண்டரின் அடிவிளிம்பைக்கூடக் கை தொடவில்லை.

அந்தக் கோடு ஏன் ஏறியாக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். புலிலேகாவில் எங்கள் மாரியம்மன் கோவிலில் வருடாவருடம் தீமிதி நடக்கும். மிதிப்பவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு, கோவிலிலேயே தங்கி, விரதம் இருப்போம். தீமிதி அன்று ஆற்றில் குளித்ததும் பூசாரி கன்னத்தில் வேல் ஏற்றுவார், கையிலும் முதுகிலும் சின்ன ஊசிகள் குத்துவார். மிதிப்பவர்களில் ஒருவர் பூவும் வேப்பிலையும் கட்டிய பித்தளைக் கரகத்தைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் மேலே பிடித்துக்கொண்டு, ஆற்றங்கரை மேட்டில் ஏறிக் கோவிலுக்கு வர வேண்டும். பல வருடமாக அந்த ஆள் நான்தான். எனக்கு முன்னால் எடுத்தவர் பல வருடம் முன்பு முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தபோது கனடா போய்விட்டார். கரகம் கைதவறிக் கீழே விழுந்தால் ஊருக்கே ஆகாது என்பார்கள். காப்புக் கட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கை சட்டையின் இரண்டாவது பட்டனுக்கு மேல் ஏறவில்லை. கோவிலில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

சீன வைத்தியத்தைச் சொன்னவன் லட்சுமியின் தம்பி கோபால். அவனுக்கும் விசா வந்துவிட்டது. தீமிதி முடிந்ததும் நியூசிலாந்து கிளம்புகிறான். அவன் வீட்டு வழியனுப்பு விருந்தில் ஆட்டுக்கறித் தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டான்.

"மாமா, டவுன்ல சீனாக்காரங்க மளிகைக் கடைக்குப் பின்னாடி ஒரு டாக்டரம்மா வந்திருக்குது. ஊசி குத்துது. கரும்பு தூக்கித் தூக்கிச் செத்துப்போன என் இடுப்பையே எழுப்பிடுச்சு."

"ஊசியா?"

"இன்னா மாமா, கன்னத்துல வேல் குத்திக்கினு நெருப்புல நடக்கிற ஆளு நீங்க. அது ஊசி வேல் மாதிரி இல்ல, முடி மாதிரி. கண்ணாடி போட்டாத்தான் தெரியும்!"

விருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வைத்தியருக்கு என் வயதுதான் இருக்கும். சீனாவிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. சீன மொழி மட்டும் பேசினார். கடைக்கார அம்மா மேய் அதை ஃபிஜி இந்தியில் எங்களுக்குச் சொன்னாள். மேய் லம்பாசாவில் பிறந்தவள், எங்களைவிட நன்றாக இந்தி பேசுவாள். வைத்தியர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து, கண்ணை மூடி நாடி பார்த்தார். இதற்கு அவர்கள் ஊரில் ஐம்பது வயதுத் தோள் என்றே பெயராம். காற்றும் குளிரும் ஈரமும் மூட்டில் தங்கி ஓட்டத்தை அடைத்துவிட்டன என்றார்.

"குளிரா, லம்பாசாவுலயா?" என்று லட்சுமி என் காதில் கேட்டாள். ராத்திரி தோளுக்கு நேராக ஃபேன் ஓடுகிறதா என்று மேய் விசாரித்தாள். ஓடுகிறது. லட்சுமி வாயை மூடிக்கொண்டாள்.

காய்ச்சிக் குடிக்க மருந்து கட்டிக் கொடுத்தார். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்து லட்சுமி ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பட்டைக் குச்சி, இஞ்சி, காய்ந்த மஞ்சள் வில்லை, பெயர் தெரியாத சில வேர்கள். "ரசத்துக்குப் போடறத எல்லாம் காகிதத்துல கட்டிக் குடுத்திருக்குது. புளி மட்டும்தான் இல்ல" என்றாள். ஆனாலும் புதுச் சட்டியில், அடுப்பை விட்டு நகராமல் காய்ச்சினாள்.

ஊசிக்கு மறுநாள் காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் கிளம்பும்போது மேய் சொன்னாள்: "காலி பேட் நை ஆனா." வெறும் வயிற்றோடு வரக் கூடாது. அது என் காதில் தெளிவாக விழுந்தது.

என் தவறு இங்கேதான். உடம்பில் ஊசி ஏறும் நாளில் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது என் எலும்பில் ஊறியது. கோவிலில் இத்தனை வருடத்தில் என் கன்னத்திலிருந்து ஒரு சொட்டு இரத்தம் வந்ததில்லை. விரதம் சுத்தமாக இருந்தால் வராது, வந்தால் ஆள் சுத்தமில்லை என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. எனக்கோ கோபால் வீட்டு ஆட்டுக்கறி வயிற்றில் உறுத்தியது. சீனாக்காரர்களுக்கு வைத்தியம் தெரியும், ஊசியின் முறை எங்களுக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். எழுதும்போதே கூசுகிறது.

முந்தின இரவு நெஞ்செரிச்சல் என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்தேன். காலையில் குளித்து விபூதி பூசினேன். மில்லில் ஒரு வேலை இருக்கிறது, கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று முன்னதாகக் கிளம்பி, கடை வாசலில் லட்சுமியைச் சந்தித்தேன். சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன், கோவிலில் வேல் முனையில் குத்துவதுபோல் ஊசி முனையில் குத்திக்கொள்ளலாம் என்று. சர்க்கரை மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டிருந்தேன். டாக்டர் சொன்னதைத் தவறவிடுகிறவன் இல்லையே.

ஊசி உண்மையிலேயே முடி போலத்தான் இருந்தது. தோளின் முன்னாலும் பின்னாலும் ஏற்றினார். வலியில்லை. கனமான ஒரு மரமரப்பு மட்டும் கையில் இறங்கியது. பிறகு காலைக் காட்டச் சொல்லி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஓர் ஊசி ஏற்றினார். தோளுக்குக் காலில் ஊசியா என்று நான் பார்க்கும்போதே, அதை விரலால் மெல்லத் திருகிக்கொண்டே, கையைத் தூக்கு என்று சைகை காட்டினார். தூக்கினேன். இரண்டாவது பட்டன், காலர், மோவாய்.

"ஏறுதுங்க! ஏறுது!" என்று லட்சுமி கத்தினாள்.

அந்தக் குரல் தூரத்தில் போயிற்று. வேர்வை ஊற்றியது. சுவரில் இருந்த ஒரு கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். ஊசிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். வைத்தியர் என் கால்களைத் தன் மடியில் உயர்த்தி வைத்திருந்தார். மேய் சர்க்கரை போட்ட தேநீரை என் உதட்டில் வைத்து, "காயா? கானா காயா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா?

நான் தலையை ஆட்டினேன். சாப்பிட்டேன் என்று. லட்சுமியும், "கேன்டீன்ல சாப்ட்டாரே!" என்று எனக்குச் சாட்சி சொன்னாள். வைத்தியரின் முகம் வெளுத்தது. சாப்பிட்ட ஆள் இப்படி விழுந்தால் தன் கைதானே காரணம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். உருண்ட எலுமிச்சம்பழத்தை எடுத்து, இது என்ன என்பதுபோலப் பார்த்துவிட்டு, என் பையிலேயே போட்டார்.

மேயின் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல் நுனியில் குத்திப் பார்த்த நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. மாத்திரை சர்க்கரையை இறக்கும், சாப்பாடு அதை ஏற்றும். ஒன்று மட்டும் உள்ளே போனால் இப்படித்தான் ஆகும். அதே இளம் டாக்டர் என் கட்டிலருகே குனிந்து, "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்" என்றார்.

"ஒன்றும் இல்லை."

"நேற்று இரவு?"

"ஒன்றும் இல்லை."

லட்சுமி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த மாத்திரையின் வேகம் சீக்கிரம் அடங்காது, மறுபடியும் இறங்கலாம் என்று வார்டில் சேர்த்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. உறங்கப் போனால் விரலில் குத்த வந்தார்கள். ஃபிஜிய நர்ஸ் ஒருத்தி தட்டைக் கொண்டுவந்து வைத்து, நான் கடைசிக் கவளம் சாப்பிடும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். "இசா, அங்கிள்" என்று அவள் பரிதாபப்படும்போது எனக்குப் போர்வைக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க கரகம் எடுக்கிறவர்தானே? ஊசி போட்டு மயங்கிட்டீங்களாமே! நெருப்பு சுடல, ஊசி சுட்டுடுச்சா?"

வார்டு முழுக்கச் சிரித்தது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். மாலையில் கோபால் வந்தான். வழக்கம்போல் கேலியோடு ஆரம்பிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கொண்டுவந்த பப்பாளியை நறுக்கினான்.

"மாமா, டவுன்ல ஒரே பேச்சு. சீனாக்காரி ஊசி குத்தி ஆளையே சாய்ச்சுட்டாளாம். தீ மிதிக்கிற ஆளே விழுந்துட்டாருன்னா நாம எம்மாத்திரம்னு சொல்றாங்க. நான் போய்ப் பார்த்தேன். ஒரு ஆளும் இல்ல. அந்த அம்மா வாசல்ல குந்திகினு இருக்குது."

நான் ஒரு பப்பாளித் துண்டை எடுத்து, திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

"நீங்க பட்டினியாப் போனீங்கன்னு நர்ஸ் சொல்லிச்சு. அதும் மேல தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"வெளிய சொன்னா காரணம் கேப்பாங்கடா. தோள் கதை வரும். கரகம்..."

"வரட்டுமே."

லட்சுமி அதுவரை அவனிடம்கூடப் பேசவில்லை. இப்போது டிபன் டப்பாவைத் திறந்து ரொட்டியைக் கிழித்து என் வாயருகே நீட்டினாள். "மொதல்ல துன்னுங்க" என்றாள். "எம்மா நாளா சட்டை மாட்டி விட்டுகினு இருக்கேன், எங்கிட்ட கூடவா பொய்? சாப்பிட்டாருன்னு அந்த அம்மா மூஞ்சியப் பார்த்து நான் இல்ல சொன்னேன்." நான் வாயைத் திறந்து அந்த ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நேராக மேயின் கடைக்குப் போனோம். சொல்லவேண்டியதைச் சொன்னேன். மேய் மொழிபெயர்த்தாள். வைத்தியர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை உட்காரவைத்து, நாடி பார்த்தார். பிறகு மேயிடம் ஏதோ கேட்டார். "அந்தப் பழம் எதுக்குன்னு கேக்குது" என்றாள் மேய். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

காப்புக் கட்டும் மாலை கோவிலுக்குப் போனேன். முன்பு போல் கூட்டம் இல்லை. ஆனாலும் எல்லோரும் இருந்தார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றோடு என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"எனக்கு வேண்டாம் சாமி" என்றேன். "கை தூக்க முடியல. கரகம் எடுத்தா போட்டுடுவேன். சர்க்கரை வேற, விரதம் இருக்கக் கூடாது. சீன வைத்தியர் மேல ஒரு தப்பும் இல்ல. சாப்ட்டு வான்னு சொன்னாங்க. நான்தான் பட்டினி கிடந்து, மாத்திரையும் போட்டுகினு போய் விழுந்தேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஊசிக்கு விரதம் இருந்தானாம்பா!" என்றார். அப்புறம் சிரிப்பு வெடித்தது. பூசாரி தோள் துண்டால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினார். நான் தரையைப் பார்த்தேன். என் காது எரிந்தது.

"அப்ப கரகம்?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு நின்றது.

"நான் எடுக்கிறேன்" என்றான் கோபால். "போறவன்தானேன்னு பாக்காதீங்க. ஆத்தாகிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். பொட்டிய அப்புறம் கட்டிக்கிறேன்." ஊரைவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அதே இடத்தில் உட்கார்ந்து நான் ஏளனமாகப் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பூசாரி அவன் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டினார்.

அதன்பின் ஒவ்வொரு முறை ஊசிக்குப் போகும்போதும் லட்சுமி கூடவே வந்து, நான் என்ன சாப்பிட்டேன் என்று மேயிடம் ஒப்பித்தாள். எத்தனை ரொட்டி, என்ன கறி என்று. காலி நாற்காலிகளில் மெல்ல ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு வந்தவர்களே அதிகம். வைத்தியர் சில நாள் தோளில் கண்ணாடிக் குப்பி கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைத்தார், சில நாள் மூலிகைச் சுருளைக் கொளுத்தி அனல் காட்டினார். மாதங்கள் போகப் போகச் சுவரில் பென்சில் கோடு காலண்டரின் அடியைத் தொட்டது. ஊசியா, கஷாயமா, சுவர்ப் பயிற்சியா, அல்லது டாக்டர் சொன்னபடி அதுவாகவே இளகியதா, எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத மாட்டேன்.

அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்ட தீமிதி அன்று கை இன்னும் மோவாய்க்கு மேல் ஏறவில்லை. தீக்குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, பார்க்க வந்தவர்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. லட்சுமி சேலையை விரித்து மறைத்துக்கொள்ள, விரதக் கூட்டத்தின் நடுவே தலையைக் குனிந்துகொண்டு ரொட்டி தின்றேன். மேளம் நெருங்கியது. ஆற்றங்கரை மேட்டில் கோபால் கரகத்தோடு ஏறினான். அவனுக்குப் பின்னால் மஞ்சள் உடையில், கன்னத்தின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்த வேலோடு ஆட்கள் வரிசையாக வந்தார்கள்.

மேய் வைத்தியரை அழைத்துக்கொண்டு வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் பின்னாலேயே நின்றார்கள். வைத்தியர் வாயைப் பொத்திக்கொண்டு அந்த வேல்களைப் பார்த்தார். மேயின் கையைப் பிடித்து அவசரமாக ஏதோ கேட்டார். மேய் குனிந்து, மேளத்தை மீறிக் கேட்கும் குரலில் என்னிடம் கேட்டாள்:

"இ லோக் சப் கானா காய்ஸ்?"

இவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்களா?

சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். லட்சுமியின் சேலை விலகிவிட்டது. ரொட்டி என் கையில், எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் சிரிக்க, சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது.

"இல்லை" என்று அவளுக்கு இந்தியிலேயே சொன்னேன். "இங்கே சாப்பிட்டவன் நான் ஒருத்தன்தான்."

மேய் அதை மொழிபெயர்த்தாள். வைத்தியர் என் கையில் இருந்த ரொட்டியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து, நன்றாகச் செய்தாய் என்பதுபோல் தலையை ஆட்டினார். கோபால் எங்களைக் கடந்தான். கூட்டம் முழுக்கக் கைகளைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டது. நான் ரொட்டியை லட்சுமியிடம் கொடுத்துவிட்டு, என் கைகளை மோவாய்வரை தூக்கிக் கும்பிட்டேன்.